மனு தோழர்கிட்ட, ஓட்டு வேற கட்சிக்கு: மதில்மேல் பூனை ஓட்டை இடதுசாரி வேட்பாளர் வாங்குறது எப்படி? முழு வழிகாட்டி

எங்க ஊர் நகராட்சித் தேர்தல்ல நம்ம தோழர் ஒருத்தர் கவுன்சிலருக்கு நின்னப்ப பூத் வேலை முழுக்க நான்தான் பாத்தேன். அந்த வார்டுல ஒரு தெரு இருக்கு, ஒரு மணி நேரம் மழை பெஞ்சா சாக்கடைத் தண்ணி அடுப்படி வரைக்கும் வந்துரும், அதுக்காக நம்மாளுங்க ரெண்டு வருஷம் மனு மேல மனு குடுத்து, ஆபீஸ் வாசல்ல உக்காந்து, அதிகாரியைத் தெருவுக்கே கூட்டிட்டு வந்து காட்டி, கடைசில கால்வாய் கட்ட வச்சாங்க. எண்ணிக்கை அன்னிக்கு அந்தத் தெரு வர்ற பூத்தைத் தொறந்தாங்க. நமக்கு விழுந்த நம்பரைக் கேட்டதும் ஏஜென்டா உக்காந்திருந்த பையன் பேனாவை மூடி சட்டைப்பையில வச்சுட்டான், அப்புறம் எழுதவே இல்ல.

மறுவாரம் அதே தெருவுல ஒரு அக்கா என்னை நிறுத்தி, "தோழர், நீங்கல்லாம் நல்லவங்கதான், யாரு இல்லைன்னா, ஆனா நீங்க எங்க ஜெயிக்கப் போறீங்க, ஓட்டை ஏன் வீணாக்கணும்னு அவங்களுக்கே போட்டுட்டேன்"னாங்க. மூச்சு விடாம அடுத்த வரி, "பட்டா பேர் மாத்தணும், ஒரு மனு எழுதித் தர்றீங்களா?" எழுதிக் குடுத்தேன், வேற என்ன பண்றது.

இந்த வழிகாட்டி மொத்தமும் அந்த அக்காவை வச்சுத்தான். நம்ம மேல வெறுப்பு இருக்குறவங்களுக்கு இல்ல, நமக்கே எப்பவும் போடுறவங்களுக்கும் இல்ல. நம்மளை மதிக்கிறாங்க, ஆனா ஓட்டு போட மாட்டேங்குறாங்க, அந்த இடைவெளியை எப்படிக் கொறைக்கிறதுங்குறதுதான் விஷயம்.

முதல் ஸ்டெப்: நடுவுல நிக்கிறவர் கொள்கைக்கு நடுவுல நிக்கல

நம்மாளுங்க பண்ற முதல் தப்பு, நடுநிலை ஓட்டர்னா பாதி இடது பாதி வலதுன்னு நெனைக்கிறது. அப்படி யாரும் கெடையாது. பேங்க் தனியார்மயம் கூடாதும்பாரு, அதே மூச்சுல இடஒதுக்கீடு போதும்பாரு, கவர்மென்ட் ஆஸ்பத்திரி நல்லாருக்கணும்பாரு, ஆனா யூனியன்னு சொன்னா மூஞ்சி சுளிப்பாரு. அவருக்கு இடது வலதுங்குற கோடே மனசுல இல்ல. அவர் கேக்குறது ரெண்டே கேள்வி: இந்த ஆளு ஜெயிப்பாரா, ஜெயிச்சா நான் போன் பண்ணா எடுப்பாரா?

ரெண்டாவது கேள்வில நமக்குத்தான் ஊர்லயே நல்ல மார்க். முதல் கேள்விலதான் அவுட் ஆகுறோம். கணக்கைப் பாருங்க. 2016 சட்டமன்றத் தேர்தல்ல திமுக, அதிமுக ரெண்டும் இல்லாம மக்கள் நலக் கூட்டணியா நின்னு ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒரு சீட்டு கூட வரல. 2019ல திமுக கூட்டணில மதுரை, கோயமுத்தூர், திருப்பூர், நாகப்பட்டினம்னு நாலு எம்பி. 2021ல நாலு எம்எல்ஏ. 2024ல திரும்ப நாலு எம்பி, கோயமுத்தூருக்குப் பதிலா திண்டுக்கல். 2016க்கும் 2019க்கும் நடுவுல அந்த மூணு வருஷத்துல நம்ம கொள்கை ஒண்ணும் மாறல, ஜெயிக்கிற வண்டில ஏறுனோம், அவ்ளோதான். மதில்மேல் பூனைக்கு அந்த வண்டி முக்கியம்.

அதுக்காக, கூட்டணி வந்துருச்சு இனி வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டீங்கன்னா போச்சு. பெரிய கட்சிக்காரர் தன் சின்னத்துக்குன்னா வெயில்ல ஓடுவாரு, நம்ம சின்னத்துக்கு நிழல்லதான் நிப்பாரு. கூட்டணி ஓட்டும் தானா வராது, கேட்டு வாங்கணும்.

ரெண்டாவது ஸ்டெப்: ஃபார்ம் 20ஐ எடுத்துட்டு உக்காருங்க

தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னாடியே இதைப் பண்ணிருங்க. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிஞ்சதும் பூத் வாரியா எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டுன்னு ஒரு தாள் வெளியிடுவாங்க, அதுதான் ஃபார்ம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல கெடைக்கும். கடைசி ரெண்டு மூணு தேர்தலோட தாளை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே பூத்து ஒரு தேர்தல்ல ஒரு பக்கம், அடுத்ததுல இன்னொரு பக்கம் சாஞ்சிருந்தா அங்கதான் மதில்மேல் பூனைங்க கூட்டமா குடியிருக்காங்கன்னு அர்த்தம். மூணு தேர்தல்லயும் ஒரே கட்சிக்கு மலை மாதிரி விழுந்த பூத்துல உங்க நேரத்தைக் கொட்டாதீங்க.

அப்புறம் வாக்காளர் பட்டியல். பாகம் பாகமா பிரிச்சு, தெருவைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைப் பக்கத்துல வச்சுட்டு வீடு வீடா மார்க் போடணும். நாங்க போட்டது மூணே குறி: நமக்கு வர்றவங்களுக்கு டிக், வரவே மாட்டாங்கன்னா பெருக்கல், தெரியாதவங்களுக்கு கேள்விக்குறி. தெருவைத் தெரிஞ்ச ஆளுன்னா கட்சி செயலாளர்னு அர்த்தம் இல்லைங்க. எங்களுக்கு உதவுனது இஸ்திரி வண்டிக்காரர். யார் வீட்ல பொண்ணு காலேஜ் போகுது, யாருக்கு மில்லு மூடுனதுல வேலை போச்சு, எந்த வீட்ல அப்பனுக்கும் மகனுக்கும் கட்சி சண்டைன்னு அவருக்குத் துணி மடிச்சே தெரியும்.

மூணாவது ஸ்டெப்: பேச்சை மாத்துங்க, கொள்கையை இல்ல

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும், ஏன்னா நாம தோக்குறதே பாதி இங்கதான்.

ஒரு சாயங்காலம் ஆட்டோல மைக் கட்டி பிரச்சாரம். தோழர் நல்ல பேச்சாளர், தொண்டை கிழிய "முதலாளிகளின் சுரண்டலை முறியடிப்போம்"னு முழங்குறாரு. ஆட்டோ நிக்கிறது ஒரு மளிகைக்கடை வாசல்ல. அந்த நேரம் பாத்து கடைப் பையன் உள்ள திரும்பி, "முதலாளி, துவரம்பருப்பு அரைக்கிலோவா ஒரு கிலோவா?"ன்னு கேக்குறான். கல்லாவுல உக்காந்திருந்த மனுஷன் எங்களைப் பாத்த பார்வை இருக்கே!

யோசிச்சுப் பாருங்க, அந்த முதலாளி காலைல அஞ்சு மணிக்கு ஷட்டரைத் தூக்குறாரு, ராத்திரி பத்தரைக்கு எறக்குறாரு. டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட கடன், தெருவுக்குள்ள கடன் நோட்டு, 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுல இருந்து ஆடிட்டருக்கு மாசா மாசம் தனி காசு, இப்ப பத்து நிமிஷத்துல வீட்டுக்கே சாமான் கொண்டாந்து குடுக்குற ஆப் வேற. நாம யாரை எதிர்த்து மைக்ல பேசுறோமோ அவங்களால அடிபட்டுக் கெடக்குறவர் இவரு. ஆனா தமிழ்ல டீக்கடை ஓனரும் முதலாளி, அம்பது மாடி கட்டுறவரும் முதலாளி. நாம சொன்னது பெரியவரை, காதுல விழுந்தது மளிகைக்கடைக்காரருக்கு. அன்னிலேர்ந்து நாங்க மைக்ல அந்த வார்த்தையைத் தூக்கிட்டு "பெரிய கார்ப்பரேட் கம்பெனிங்க"ன்னு மாத்துனோம், தனியா கடைக்காரங்களுக்குன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சோம், அதுல லைசென்ஸ் கட்டணம், குப்பை வரி, சொத்து வரி இது மூணு மட்டும்தான்.

சொத்து வரின்னதும் ஞாபகம் வருது, வீடு சொந்தமா வச்சிருக்குற நடுத்தரக் குடும்பத்துக்கிட்ட உலக அரசியல் எதுவும் வேணாம், இதைப் பேசுனா போதும். 2022ல நகரப் பகுதில சதுர அடிக்கு ஏத்த மாதிரி 25 சதவீதத்துல ஆரம்பிச்சு 150 சதவீதம் வரைக்கும் ஏத்துனாங்க. கூட்டணில இருந்துக்கிட்டே நம்ம கட்சிங்க அதைக் கொறைக்கச் சொல்லிக் கேட்டாங்க. அதைச் சொல்லுங்க. கேட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் கொறையலங்குறதையும் சேர்த்தே சொல்லுங்க, ஏன்னா அவர் கையில ரசீது இருக்கு.

இதே மாதிரி ஒவ்வொரு பெரிய வார்த்தைக்கும் பின்னாடி ஒரு வீட்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு. "நிதி மூலதனம்"னு சொல்லாதீங்க, வாரா வாரம் குழுக் கடன் வசூலுக்கு வந்து வாசல்ல உக்காந்துக்குற பையனைப் பத்திப் பேசுங்க, அந்த அடாவடியைத் தடுக்க 2025ல சட்டமன்றத்துல தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சுன்னு சொல்லுங்க. சுயஉதவிக்குழுவுல இருக்குற எந்த அக்காவும் நடந்து போறதை நிறுத்திட்டு நின்னு கேப்பாங்க. "நவதாராளவாதம்" வேணாம், அக்கவுன்ட்ல காசு கம்மியா இருந்துச்சுன்னு ஏழைக்கிட்டயே அபராதம் புடிக்கிற பேங்க் போதும்.

ஒரு டெஸ்ட் இருக்கு. நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கட்சில இல்லாத ஒரு சொந்தக்காரங்ககிட்ட, சித்தியோ அத்தையோ, சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எங்க தடுக்கி நிக்கிறாங்களோ அந்த வரியை வெட்டுங்க. எங்க சித்தி முதல் வரிலயே நின்னாங்க.

நாலாவது ஸ்டெப்: கதவு

மூணு பேருக்கு மேல போகாதீங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா பொம்பளையா இருக்கணும். பத்து பேர் கொடியோட போய் நின்னா அந்த வீட்டுக்காரர் சிரிச்சுட்டே "உங்களுக்கு இல்லாமலா"ம்பாரு, அதுக்கு "சீக்கிரம் கெளம்புங்க"ன்னு அர்த்தம். சாயங்காலம் ஆறுல இருந்து எட்டுக்குள்ள, அதுவும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தைத் தவிர்த்துட்டு. துண்டு போட்டுக்கிட்டுப் போறதைப் பத்தி எங்களுக்குள்ளயே சண்டை, என்னைக் கேட்டா முதல் சுத்துக்கு செவப்புத் துண்டு வேணாம், ரெண்டாவது சுத்துல போட்டுக்கலாம்.

முதல் சுத்துல ஓட்டே கேக்காதீங்க. "அக்கா, இந்தத் தெருவுல ஒரே ஒரு விஷயம் சரியாகணும்னா எது ஆகணும்?" அவ்ளோதான் கேள்வி. அவங்க சொல்றதை அவங்க கண்ணு முன்னாடியே நோட்டுல எழுதுங்க. எழுதுறதைப் பாக்குறப்ப ஆளே மாறிடுவாங்க, இன்னும் ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்லுவாங்க. நாம என்ன பண்றோம்னா, அவங்க "தண்ணி"ன்னு ஆரம்பிச்சதுமே "ஆமாங்க, இந்த அரசோட தண்ணீர்க் கொள்கை"ன்னு அவங்க வாய்லேர்ந்து புடுங்கிப் பேச ஆரம்பிச்சிடுறோம். இருபது வருஷம் வகுப்பு எடுத்த பழக்கம், லேசுல போகாது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க.

ரெண்டாவது சுத்து மூணு வாரத்துக்குள்ள. வெறுங்கையோட போகாதீங்க, அவங்க சொன்ன விஷயத்துக்கு மனு குடுத்த ஒப்புகைச் சீட்டு நகலோட போங்க. வேலை முடியலைன்னாலும் பரவால்ல. அந்தச் சீட்டுல அவங்க தெரு பேரு இருக்கணும்.

அப்புறம், மக்கள் சொல்ற பதிலைப் படிக்கத் தெரியணும், இதுல நாங்க வாங்குன அடி கொஞ்சநஞ்சம் இல்ல. "பாத்துக்கலாம் தோழர்"னா இல்லைன்னு அர்த்தம். "உங்களுக்குத்தான்"னு கதவைத் தொறக்கும்போதே சொன்னா அதுவும் இல்லைதான். "வீட்ல பேசிட்டு சொல்றேன்", இதுதான் தங்கம், நெசமாவே முடிவு பண்ணாத ஆளு. உங்கக்கிட்ட எதிர்த்துக் கேள்வி கேக்குறவரும் அப்படித்தான். சண்டை போடுறாரேன்னு பெருக்கல் போட்டுட்டு வராதீங்க, முடிவு பண்ணிட்டவங்க நம்மகிட்ட சண்டை போட்டு நேரத்தை வீணாக்க மாட்டாங்க.

சாமி விஷயம் கட்டாயம் வரும். "நீங்க சாமி இல்லைங்குற கட்சியாச்சே?" அங்க உக்காந்து பொருள்முதல்வாதம் விளக்குனீங்கன்னா அந்த வீடு மட்டுமில்ல, அந்தக் காம்பவுண்டே போச்சு. விபூதி குடுத்தா வாங்கிக்கோங்க. கோயில் நிலத்துல குத்தகைக்குப் பயிர் வைக்கிற விவசாயிக்காகவும், கோயிலுக்குள்ள விடாதவங்களை உள்ள கூட்டிட்டுப் போகவும் நின்னவங்க யாருன்னு சொல்லுங்க. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா கம்பராமாயணம் பேசுனா பக்திமானுங்களும் உக்காந்து கேட்டாங்க, அவர் ஒண்ணும் அதனால கம்யூனிஸ்டா இல்லாமப் போயிடல.

அஞ்சாவது ஸ்டெப்: வயித்தைக் கலக்குற கேள்விங்க

"25 கோடி வாங்குனீங்களே?" இதுக்கு நம்ம தோழர்கள் முகம் செவந்து கத்த ஆரம்பிச்சிடுவாங்க, கத்துனா தோத்தோம். விஷயம் இதுதான்: 2019 தேர்தல் செலவுக் கணக்குல ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சேர்த்து 25 கோடி ரூபா குடுத்ததா திமுகவே தேர்தல் ஆணையத்துக்கிட்ட காட்டுச்சு, இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு (சிபிஐ) 15, மார்க்சிஸ்ட் கட்சிக்கு (சிபிஎம்) 10. பதில் நேரா இருக்கணும்: "ஆமாங்க, கூட்டணித் தேர்தல் செலவுக்கு வாங்குனது, கணக்குல இருக்கு, அதனாலதான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கு." அங்கயே நிறுத்துங்க. அவர் விடாம இழுத்தா தேர்தல் பத்திரத்தைச் சொல்லுங்க, யார் குடுத்தான்னே தெரியாம கட்சிங்க கோடி கோடியா வாங்குன அந்தத் திட்டத்துல இடதுசாரிங்க ஒரு ரூபா கூட வாங்கல, அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கே போன மனுதாரர்கள்ல சிபிஎம்மும் ஒண்ணு, 2024 பிப்ரவரி 15ஆம் தேதி கோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு. ஆனா பத்திரத்தை முதல்ல சொல்லிட்டு 25 கோடியை மழுப்பக் கூடாது, வரிசை மாறுனா அவர் கண்டுபுடிச்சிடுவாரு. எனக்குத் தனிப்பட்ட முறைல அந்த 25 கோடி இன்னிக்கும் நெருடல்தான், ஒரு வீட்ல அதையே சொன்னேன், அந்த அண்ணன் அப்பதான் உள்ள வந்து உக்காரச் சொன்னாரு.

"நீங்க வந்தா ஸ்டிரைக்கு, ஃபேக்டரி ஓடிரும்." ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளிங்க 2024 செப்டம்பர் 9ஆம் தேதி உக்காந்து 37 நாள் போராடுனாங்க, கேட்டதுல முக்கியமானது சங்கத்தைப் பதிவு பண்ணணும்ங்குறது. அடுத்த ஜனவரில சங்கம் பதிவாச்சு, ஃபேக்டரி எங்கயும் ஓடல. இதை வீராவேசமா சொல்லாம சாதாரணமா சொல்லுங்க. கேக்குறவரோட பையன் அந்த மாதிரி ஏதாவது கம்பெனில கான்ட்ராக்ட்ல இருப்பான், நெறைய வீட்ல அப்படித்தான். "தம்பிக்கு பிஎஃப் புடிக்கிறாங்களா?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க.

"வங்காளத்துல என்ன ஆச்சு?" விஷயம் தெரிஞ்ச ரிட்டயர்டு வாத்தியார் கண்டிப்பா ஒருத்தர் இதைக் கேப்பாரு. அங்க இடதுசாரிங்க 34 வருஷம் ஆண்டாங்க, 2006ல 294ல 235 சீட்டு, நிலம் எடுக்குறதை எதிர்த்த நந்திகிராம்ல 2007 மார்ச் 14ஆம் தேதி போலீஸ் சுட்டு 14 பேர் செத்தாங்க, 2011ல 62, 2021ல பூஜ்யம். விவசாயி நிலத்தைக் கேக்காம எடுக்கப் போனது தப்புன்னு ஒத்துக்கங்க. வாத்தியார்கிட்ட ஜெயிக்கணும்னு போகாதீங்க, அவர் ஓட்டு ஒண்ணுதான், ஆனா அவர் கூட காலைல வாக்கிங் போறவங்க எட்டு பேர்.

சீனாவைப் பத்திக் கேட்டா? "வார்டு கவுன்சிலருங்க நான்"னு சிரிச்சுட்டு நகருங்க.

ஆறாவது ஸ்டெப்: கவர்

2009 ஜனவரில நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு அப்புறம் அந்த ஊர் பேரே கவர்ல காசு வச்சு ஓட்டு வாங்குற ஃபார்முலாவுக்குப் பேரா ஆகிப்போச்சு. காசு விளையாடுனதால 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019ல வேலூர் தேர்தலையும் நிறுத்துனாங்க. நாம குடுக்க முடியாது, குடுக்கவும் கூடாது. ஆனா அதை வச்சு மக்களைத் திட்டுறோமே, அதை நிறுத்துங்க. "காசுக்கு ஓட்டை வித்துட்டு அஞ்சு வருஷம் கஷ்டப்படுங்க"ன்னு மைக்ல சொல்றப்ப, ஒரு மாச வாடகைல பாதியைக் கையில வாங்குன ஒரு பொம்பளை ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. அவங்க மனசுல குத்துனா ஓட்டு நமக்கா வரும்?

நாங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது." இதை நம்பாதவங்க எத்தனை பேர் தெரியுமா? காசு குடுத்தவன் மெஷின்ல பாத்துருவான்னு பயந்த ஒரு ஆயாவுக்கு அட்டைல மாதிரி மெஷின் செஞ்சு காட்டித்தான் நம்ப வச்சோம்.

இலங்கைல என்ன நடந்துச்சு, அதுல நமக்கு எது உதவும்

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கு. அனுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதித் தேர்தல்ல வாங்குனது 3.16 சதவீதம். 2020 நாடாளுமன்றத்துல மூணு சீட்டு. 2024 செப்டம்பர் 21ஆம் தேதி அதே ஆளு 42.31 சதவீதம், ஜனாதிபதி. நவம்பர்ல அவரோட தேசிய மக்கள் சக்திக்கு 225ல 159 சீட்டு.

"பொருளாதாரம் கவுந்துச்சு, வந்துட்டாங்க"ன்னு சொல்லிடலாம், பாதி அது உண்மைதான், 2022ல பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள் கணக்கா வரிசைல நின்ன ஜனம் பழைய ரெண்டு பக்கத்தையும் வெறுத்துருச்சு. ஆனா அந்த வெறுப்பு வேற யாருக்கு வேணா போயிருக்கலாம். இவங்ககிட்ட ஏன் வந்துச்சுன்னு பாக்கணும்.

அனுரவோட தாய்க் கட்சி ஜேவிபி, அதாவது மக்கள் விடுதலை முன்னணி. ஜேவிபின்னா அங்க சாதாரணக் குடும்பத்துக்கு 1971ம் 1987-89ம்தான் ஞாபகம் வரும், ஆயுதக் கிளர்ச்சி, கொலை, அடக்குமுறைல காணாமப்போன பசங்க. அந்தப் பயத்தை விளக்கம் குடுத்துப் போக்க முடியாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. கட்சியை மூடல, அதுக்கு முன்னாடி அகலமா ஒரு வாசலைக் கட்டுனாங்க. 2019ல தேசிய மக்கள் சக்தின்னு பல அமைப்புங்களைச் சேர்த்தாங்க, மணி சின்னத்துக்குப் பதிலா திசைகாட்டி, மேடைல பேராசிரியருங்க, டாக்டருங்க, பொம்பளைங்க. பல்கலைக்கழக விரிவுரையாளரா இருந்த ஹரிணி அமரசூரியதான் அப்புறம் பிரதமர். ரிட்டயர்டு ராணுவத்தாருக்குத் தனிக் கூட்டம், பெண்களுக்கு ஊர் ஊரா தனிக் கூட்டம். ஒரு காலத்துல இந்தியாவைத் திட்டியே வளர்ந்த கட்சி, 2024 பிப்ரவரில அனுர டெல்லிக்கே போய் உக்காந்து பேசுனாரு. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுவோம்னு சொல்லல, உள்ள இருந்துக்கிட்டே ஏழைக்குச் சாதகமா திருத்தப் பேசுவோம்னாரு. தீவிரத் தோழர்களுக்கு அது கசப்புதான். ஆனா வீட்டுக் கடன் கட்டிட்டிருக்குற கிளார்க்குக்கு அந்த ஒரு வரிதான் பயத்தைப் போக்குச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

தமிழர்கள் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. வடக்கு கிழக்கைப் பிரிக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போனதே ஜேவிபிதான், அதை யாழ்ப்பாணம் மறக்கல. செப்டம்பர்ல அங்க அனுரவுக்கு நாலாவது இடம். நவம்பர்ல அதே யாழ்ப்பாண மாவட்டத்துல ஆறுல மூணு சீட்டு, முதலிடம். ரெண்டு மாசத்துல கொள்கையா மாறுச்சு? "ஜெயிப்பாரா"ங்குற கேள்வி முடிஞ்சு போச்சு, தமிழ்க் கட்சிங்க தங்களுக்குள்ள உடைஞ்சு கெடந்துச்சு, ஆட்சில இருக்குறவர்கிட்ட காணி கேட்டுப் பாக்கலாமேன்னு ஜனம் ஒரு தடவை குடுத்துப் பாத்துச்சு. அது கடனாக் குடுத்த ஓட்டு. 2025 மே மாசம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தப்ப வடக்குல தமிழரசுக் கட்சி திரும்ப எழுந்துச்சு, நாடு முழுக்கவும் தேசிய மக்கள் சக்தி 61 சதவீதத்துலேர்ந்து 43க்கு எறங்குச்சு. மதில்மேல் பூனை உங்க பக்கம் குதிச்சதுன்னா உங்க வீட்லயே தங்கிரும்னு நெனைக்காதீங்க.

நம்ம ஊர்ல சின்னத்தை மாத்த முடியாது, தேவையும் இல்ல. ஆனா வார்டு அளவுல அந்த வாசலைக் கட்டலாம். வேட்பாளரை முன்மொழியுறப்ப கட்சிக்காரங்க மட்டும் நிக்காம, அந்த ஊர் மருந்துக்கடைக்காரர், ட்யூஷன் டீச்சர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், பள்ளிவாசல் கமிட்டிப் பெரியவர் கூட நிக்கட்டும். "இவர் ஜெயிப்பாரா"ங்குற கேள்விக்கு அந்த போட்டோதான் பதில்.

போன்

நீளமா எழுதத் தேவையில்ல. பொதுக்கூட்டப் பேச்சை நாப்பது நிமிஷம் அப்படியே ஏத்தாதீங்க, நம்ம தோழர்களே முழுசாப் பாக்க மாட்டாங்க. நியூயார்க் மேயர் ஆன சோஹ்ரான் மம்தானி 2024 நவம்பர்ல, டிரம்ப் ஜெயிச்ச கொஞ்ச நாள்ல, மைக்கை எடுத்துட்டுத் தெருவுல போய் "யாருக்குப் போட்டீங்க, ஏன்?"னு கேட்டாரு. டிரம்புக்குப் போட்டவங்களையும் ஓட்டே போடாதவங்களையும் பேச விட்டாரு, வாடகை, வெலவாசின்னு அவங்க சொன்னதுதான் அப்புறம் அவர் பிரச்சாரமே. அந்த வீடியோவுல அவர் பேசுனதை விடக் கேட்டதுதான் அதிகம். நம்ம வார்டுலயும் டீக்கடை வாசல்ல ஒரு நிமிஷ வீடியோவா எடுக்கலாம். முன்னாடியே அனுமதி கேட்டுக்குங்க, மூஞ்சி தெரிய வேணாம்னா குரல் மட்டும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல நீங்களா போய் ஒட்டாதீங்க, அங்க குடியிருக்குற ஒருத்தர் அனுப்பட்டும். காலை வணக்கம் படம் அனுப்புறவர் கட்சிக்காரரா இருந்தாலும் அவரைக் குரூப்ல யாருக்கும் புடிக்காது.

கடைசி மூணு நாள்

கேள்விக்குறி போட்ட வீடுங்களுக்கு மட்டும் வேட்பாளரே நேர்ல போகணும். டிக் போட்டவங்களை பூத் கமிட்டி பாத்துக்கும். ஓட்டுப்பதிவு முடியுற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னாடி பிரச்சாரம் ஓயணும், அதைக் கணக்குப் பண்ணி வீட்டு வரிசையைப் போடுங்க. இந்தத் தடவை ஒரே வரிதான்: "கடந்த தடவை சொன்னீங்க, இந்த மனு குடுத்தோம், இவ்ளோ நடந்திருக்கு. ஒரு தடவை எங்களுக்குப் போட்டுப் பாருங்க." அந்த 'ஒரு தடவை'யை விட்டுடாதீங்க. பழைய கட்சியை விட்டு வான்னு கேட்டா ஆளு பதறுவாரு, இந்தத் தடவை மட்டும்னு கேட்டா யோசிப்பாரு.

ஓட்டு போட வர்றவங்களைக் கூட்டிட்டு வர வேட்பாளர் சார்பா ஆட்டோ வைக்காதீங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123வது பிரிவுல அது முறைகேடுன்னே இருக்கு, ஜெயிச்சாலும் கேஸ் போடலாம், உள்ளாட்சித் தேர்தல்லயும் வேணாம். மேஜை போடுறது பூத்துலேர்ந்து 200 மீட்டர் தள்ளி. ஏஜென்டா உக்கார வைக்கிற பையன் தெருக்காரனா இருக்கணும், மாதிரி வாக்குப்பதிவுக்கு விடியக்காலையே உள்ள போயிரணும், சாயங்காலம் எத்தனை ஓட்டு பதிவாச்சுங்குற கணக்குத் தாளைக் கையெழுத்தோட வாங்காம எந்திரிக்கக் கூடாது. சட்டமன்றத் தேர்தல்னா அதுக்குப் பேரு ஃபார்ம் 17சி. அவனுக்கு மத்தியானம் சாப்பாடு யார் கொண்டு போறதுன்னு முந்தின நாளே பேர் போட்டு எழுதுங்க. எங்க ஏஜென்ட் ஒருத்தன் ரெண்டு மணி வரை பட்டினி, பக்கத்துல இருந்த பெரிய கட்சி ஏஜென்ட் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சு பாதியைத் தள்ளியிருக்காரு. நல்ல மனுஷன், ஆனா நம்ம பையன் அதுக்கப்புறம் அவர்கிட்ட எதையும் ஆட்சேபம் பண்ண வெக்கப்பட்டுட்டான்.

ரிசல்ட் வந்த அந்த வாரமே, சூடு ஆறுறதுக்குள்ள, பூத் நம்பரையும் உங்க குறிப்பு நோட்டையும் சேர்த்து வச்சு உக்காருங்க. எங்க நோட்டுல அந்த சாக்கடைத் தெருல முக்கால்வாசி வீட்டுக்கு டிக் போட்டிருந்தோம். டிக் போட்டதால ரெண்டாவது சுத்து அங்க போகவே இல்ல. அந்த அக்கா வீட்டுக்கும் டிக்தான், நான் போட்டது.